ஏழாம் நாள் ஓய்வெடுக்கும் தவளை

மங்களநாதன் என்று ஒரு மாணவர் இருந்தார். வயது ஐம்பத்திரண்டு. பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். மிச்ச நேரமெல்லாம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. அவருடைய நெறியாளர் ஹபீபாவுக்கு வயது முப்பத்தாறு. ஒன்பதாம் வகுப்பில் அந்த அம்மாவுக்குத் தவளைப் படம் வரையச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். இப்போது அவர் மேடம், இவர் சார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மங்களநாதன் மடிக்கணினியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நெறியாளர் அறைக்குள் வந்தார்.

"மேடம், கிடைச்சிருச்சு!"

"என்ன சார் கிடைச்சிருச்சு?"

"புதுத் தவளை! உலகத்துல இதுவரைக்கும் யாரும் கேக்காத தவளை!"

விஷயம் இதுதான். ஊர்க் கண்மாய்க் கரையில் ஒரு கருவேல மரத்தில் ஒலிப்பதிவுப் பெட்டியைக் கட்டி, நாற்பத்தொரு நாள் தவளைச் சத்தத்தைப் பிடித்திருந்தார். அதையெல்லாம் ஒரு மென்பொருள் கேட்டு, இது இன்ன தவளை, அது இன்ன தவளை என்று பிரித்துக் கொடுக்கும். பதினொரு தவளையை அழகாகப் பிரித்துவிட்டது. பன்னிரண்டாவதாக ஒரு குரல், அது எதனோடும் சேரவில்லை.

"காலையில அஞ்சு நாப்பதுக்குக் கத்துது மேடம். அஞ்சே நிமிஷம். அப்புறம் ஆளைக் காணோம். அதைவிட அதிசயம் கேளுங்க. ஏழாம் நாள் கத்தலை. பதினாலாம் நாள் கத்தலை. இருபத்தொண்ணு, இருபத்தெட்டு, முப்பத்தஞ்சு... ஏழு நாளைக்கு ஒருக்கா ஓய்வெடுக்குது!"

"எதுக்காம்?"

"நிலா! வளர்பிறை தேய்பிறையை நாலாப் பிரிச்சா ஏழேழு நாளா வருதுல்ல? ரெண்டு பக்கம் எழுதிட்டேன்."

மறுநாள் சாயங்காலத்துக்குள் கட்டுரை ஆய்விதழுக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் பட்டம் இல்லை. பல்கலைக்கழகம் இரண்டு தடவை கெடு நீட்டிக் கொடுத்து அலுத்துவிட்டது. மங்களநாதனோ அந்தத் தவளைக்குத் தன் மனைவி அலமேலுவின் பெயரை வைப்பதென்றே முடிவு பண்ணி, ஹபீபா உட்பட எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருந்தார். அந்த அம்மாள் இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை.

ஹபீபா வரைபடத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த நேரத்துக்கு நீங்க கரைக்குப் போயிருக்கீங்களா சார்?"

"பெட்டி இருக்கும்போது நான் எதுக்கு மேடம்? சாயங்காலம் போய் பேட்டரி மாத்திட்டு வருவேன்."

"பெட்டியை என்னைக்குக் கட்டினீங்க?"

"ஒரு திங்கக்கிழமை."

ஹபீபா விரல்விட்டு எண்ணினார். பொங்கி வந்த சிரிப்பைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார்.

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்குக் கரைக்கு வந்துருங்க. நானும் வாரேன். அலமேலு அக்காவை நேர்லயே பார்த்துரலாம்."

விடிந்தும் விடியாத நேரம். மழை பெய்து நிறைந்த கண்மாய். தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. இருவரும் கருவேல மரத்தடியில் நின்றார்கள். மங்களநாதன் மூச்சைக்கூட அளந்து விட்டார்.

ஐந்து நாற்பது.

க்ராவ்க்!

"அதேதான்! அசையாதீங்க மேடம்!"

க்ராவ்க்! க்ராவ்க்!

"கிட்ட வருதே... தாவித் தாவி வருது மேடம்!"

கரை வளைவில் ஒரு சைக்கிள் திரும்பியது. பின்னால் மூடி போட்ட பெரிய பாத்திரம், அதிலிருந்து ஆவி. முன்னால் கைப்பிடியில் ரப்பர் ஹார்ன். ஓட்டி வந்தவர் அதை ஒருமுறை அமுக்கினார். க்ராவ்க்!

"இடியாப்பம் வேணுமா சார்?"

மங்களநாதன் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துத் தவளையைத் தேடினார். ஹபீபாதான் கேட்டார்.

"உங்க பேரு என்னண்ணே?"

"சவரிமுத்தும்மா."

"தினமும் இந்த வழியாவா வர்றீங்க?"

"ஆமாம்மா. கரையில நடக்க வர்றவங்க வாங்குவாங்க."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்குக் காலைப் பூசை இருக்கே. கோயிலுக்குப் போயிருவேன்."

"ஹார்ன் ஏன் இப்படிக் கத்துது?"

"ரப்பர் கிழிஞ்சிருச்சு. ஆனா சனமெல்லாம் இந்தச் சத்தத்துக்குத்தான் இப்ப எந்திரிச்சே வருது. மாத்த மனசு வருமா?"

மங்களநாதன் சவரிமுத்தைப் பார்த்தார். ஹார்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். ஹபீபாவின் கண்களில் லேசாகக் கவலை எட்டிப் பார்த்தது. அதற்குள் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈரக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நிலாவாம்! வளர்பிறையாம்!" கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தவளைகள் கப்பென்று அடங்கின.

"சாருக்கு என்னாச்சும்மா?" என்று சவரிமுத்து பதறினார்.

"ஒண்ணுமில்லண்ணே. உங்களுக்கு ஒரு புதுப் பேரு வைக்கலாம்னு இருந்தாரு."

"எனக்கா? என்ன பேரு?"

"அலமேலு."

சவரிமுத்து பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். "அது இருக்கட்டும். தேங்காய்ப் பால் ஊத்தவா, சீனி போடவா?"

மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சவரிமுத்து தன் பங்குக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். இரண்டாவது இலைக்கு வரும்போதுதான் மங்களநாதனுக்குக் கெடு நினைவு வந்து முகம் சுருங்கியது.

"கட்டுரை போச்சே மேடம்."

"ஏன் போகுது? பதினொரு தவளை இருக்கே சார். அந்த ரெண்டு பக்கத்தை மட்டும் எடுத்துருங்க. நல்ல கட்டுரை. மத்தியானத்துக்குள்ள அனுப்பிரலாம்."

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. கையைக் கழுவிக்கொண்டு பையிலிருந்த மடிக்கணினியை எடுத்துத் திறந்தார். திறந்த பிறகு, கூட இருந்து காலை வாரிய கூட்டாளியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"இனிமே இந்த மென்பொருளை நம்பலாமா?"

ஹபீபா குனிந்து திரையில் பன்னிரண்டாவது வரிசையைத் தொட்டுக் காட்டினார். அங்கே 'அடையாளம் தெரியவில்லை' என்று இருந்தது.

"தெரியலைன்னு இது அப்பவே ஒத்துக்கிடுச்சு சார். நிலாவைக் கூட்டிட்டு வந்தது நீங்க."