மத்துத் தலை மாட்டிய கியர்

பேராச்சி வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. "செண்பகம் வளைகாப்புக்கு நானே கார் ஓட்டிட்டு வருவேன். வளைகாப்பு முடிஞ்சதும் என் மகளை அதே கார்ல கூட்டிட்டும் போவேன்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "வாங்க மதினி. நீங்க கியர் போடுற சத்தத்துலயே பிள்ளை பொறந்துரும்."

சத்தம் உண்மைதான். மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன பழைய கார். முதல் கியர் விழும். இரண்டாவதுக்கு இழுத்தால் 'கர்ர்ர்' என்று கத்தும். வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறக்கும்.

குற்றம் கியர்க் கம்பியின் தலையில் இருக்கும் குமிழ் மேல்தான் என்று பேராச்சி முடிவுகட்டினாள். கறுப்பு பிளாஸ்டிக், வேர்த்த கையில் வழுக்கியது. விடிந்தால் வளைகாப்பு. அடுக்களையில் தேடினாள். மோர் கடைகிற மத்து கண்ணில் பட்டது.

அந்தக் குமிழைத் திருகிக் கழற்றினாள். மத்துத் தலையிலிருந்து கம்பை உருவினாள். கியர் ராடில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி, மத்துத் தலையை அழுத்தி மாட்டினாள். தேங்காயெண்ணெய் தடவியதும் பளபளவென்று மின்னியது. இப்போது கை நிறையப் பிடிக்கலாம்.

சாயங்காலம் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஸ்டெல்லா டீச்சர் வந்தாள். பேராச்சியின் மகளைவிட ஒரு வயது சின்னவள். அதிகம் பேசமாட்டாள்.

"எப்படி டீச்சர்?"

"அழகா இருக்கும்மா. வண்டிய எடுங்க."

பேராச்சி மத்துத் தலையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். கர்ர்ர்ர். முன்னைவிடப் பெரிய சத்தம். காக்காயோடு ஒரு கோழியும் ஓடியது.

"மோர் கடையிறீங்களாம்மா?"

"கேலி பண்ணாதீங்க டீச்சர். இதுக்கு மேல எந்தக் குமிழ மாட்ட? அத மட்டும் சொல்லுங்க."

ஸ்டெல்லா மத்துத் தலையை உருவினாள். டியூப்பையும் உருவினாள். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓட்டுங்க."

"வெறும் கம்பியிலயா? திருகு மரை கையக் குத்துமே!"

"குத்தாம பிடிங்க."

பேராச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு விரலாலும் கட்டைவிரலாலும் கம்பியைத் தொட்டாள். கிளட்சை மிதித்தாள். முதல் கியர். வண்டி நகர்ந்தது. மறுபடி மிதித்து, பயந்து பயந்து இழுத்தாள்.

சத்தம் இல்லை.

"டீச்சர், விழுந்துட்டா?"

"விழுந்துருச்சு."

குளத்தை இரண்டு சுற்று சுற்றினாள். மூன்றாவது கியரும் விழுந்தது. பேராச்சி ஓவென்று சிரித்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "நாளைக்கு வளைகாப்பு, தெரியும்லா?" என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது.

"நாளைக்கும் வெறும் கம்பியோடயா போக? பட்டுச்சேலை கட்டிட்டு? சம்பந்தியம்மா பார்த்தா ஊரையே கூட்டிச் சிரிப்பாளே."

ஸ்டெல்லா டியூப்பைச் சுற்றி, மத்துத் தலையைப் பழையபடி மாட்டினாள்.

"ஐயையோ, திரும்பவும் கத்துமே டீச்சர்!"

"நாளைக்குச் செண்பகத்துக்கு மொதல்ல வளையல் போடுறது யாரு?"

"நான்தான். இதென்ன கேள்வி? இந்த ஊருல யாருக்குப் போட்டாலும் நான்தான் போடணும். எத்தன போட்டிருக்கேன், ஒரு கண்ணாடி வளையல் என் கையில உடைஞ்சதில்ல."

"போடும்போது அவ கைய எப்படிம்மா பிடிப்பீங்க?"

பேராச்சி மத்துத் தலையைப் பார்த்தாள். மகள் கையைப் பிடிப்பதுபோல் வலது கையை மெல்ல அதன்மேல் வைத்தாள்.