யார் பார்த்தது?

ஜெபமலர் மேடத்திடம் கேள்வி கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு. பதில் வராது. வேலைதான் வரும்.

"கரப்பான்பூச்சிக்கு எத்தனை கண்ணு மேடம்?" என்று போன வருடம் ஒருவன் வாயைக் கொடுத்தான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். பையன் இரண்டு நாள் ஹாஸ்டல் சமையலறையையே சுற்றிக்கொண்டு கிடந்தான். சமையல்காரர் அவனைத் திருடன் என்றே முடிவு கட்டிவிட்டார்.

தென்காசிப் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரி. அங்கே விலங்கியல் நடத்துகிறவர் அவர். வயது முப்பத்துநான்கு. ரெக்கார்டு நோட்டை நீட்டினால் புரட்டிக்கொண்டே வருவார். எங்கேயாவது ஒரு வரியில் விரலை வைப்பார்.

"இதை யார் பார்த்தது?"

"நான் பார்த்தேன் மேடம்" என்றால் கையெழுத்து விழும். "புக்குல இருந்துச்சு", "சீனியர் நோட்டுல இருந்துச்சு" என்றால் நோட்டு வந்த வழியே திரும்பிவிடும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா, "எம்பிள்ள நல்லாப் படிக்கான்" என்று சொல்லப்போக, அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டதாகப் பேச்சு. அது உண்மையோ, பிள்ளைகள் கட்டிவிட்டதோ தெரியாது.

இன்னொன்றுக்கும் அவரைக் கேலி செய்வார்கள். தினமும் மதியம் ஒரு மணிக்கு அவருடைய அப்பா போன் செய்வார். பாடம் நடந்துகொண்டிருந்தாலும் எடுத்துவிடுவார்.

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்பா."

அவ்வளவுதான் பேச்சு. "மேடத்துக்கு யாராச்சும் ஊட்டி விடுங்கடே" என்று கடைசி பெஞ்சு கமுக்கமாகச் சிரிக்கும். மேடம் கண்டுகொள்ள மாட்டார்.

இசக்கியம்மாள் இரண்டாம் வருடம். அவளை எல்லாரும் எலுமிச்சை என்பார்கள். அவள் அப்பா கொம்பையா புளியங்குடியிலிருந்து எலுமிச்சை மூட்டை ஏற்றிப் போகும் மினி லாரி டிரைவர். காலையில் அவளை முன் சீட்டில் உட்காரவைத்து, கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போவார். அவள் நோட்டு, புத்தகம், துப்பட்டா எல்லாமே எலுமிச்சை வாசம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ரத்த வகை பார்க்கும் பிராக்டிகல். அவரவர் விரலில் அவரவரே ஊசி குத்தி, கண்ணாடி ஸ்லைடில் மூன்று சொட்டு ரத்தம் வைக்க வேண்டும். ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள் மருந்து, ஒன்றில் பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் நிறமில்லாத மருந்து. பல் குத்தும் குச்சியால் கலக்கினால், எந்தச் சொட்டு பால் திரிந்தாற்போலத் திரிகிறதோ அதை வைத்து வகை சொல்லலாம். நீலம் திரிந்தால் ஏ. மஞ்சள் திரிந்தால் பி. இரண்டும் திரியாவிட்டால் ஓ.

இசக்கிக்கு மஞ்சள் திரிந்தது. பி.

ரெக்கார்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பி வரச் சொல்லியிருந்தார் மேடம். அவள் வீட்டுக்குப் போய்த் தேடினாள். தம்பி பிறந்தபோது அம்மாவுக்குக் கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டில் ஓ. அப்பாவின் லைசென்ஸில் ஓ.

அப்பாவும் அம்மாவும் ஓ என்றால் பிள்ளையும் ஓவாகத்தான் இருக்க வேண்டும். போன வாரம்தான் மேடம் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருந்தார்.

அவள் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

சின்ன வயதில் அவள் அடம்பிடித்தால் அப்பா சொல்வார்: "ஒன்னயத் தவிட்டுக்குல்லா வாங்கினேன்." எந்த வீட்டில்தான் சொல்லவில்லை? அவளும் எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

புதன்கிழமை மறுபடி குத்திப் பார்த்தாள். பி. வியாழக்கிழமை இன்னொரு விரல். பி. காலையில் லாரியில் ஏறாமல், "பிள்ளைகளோட பஸ்ல போறேன்" என்று சொல்லிவிட்டாள். அப்பா முன் சீட்டுக் கதவைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தானே சாத்திக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அவள் நோட்டு மட்டும்தான் பாக்கி. மேடம் கூப்பிட்டார்.

"ரெக்கார்டு எங்க இசக்கி?"

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"சோதனையில தப்பு வருமா மேடம்?"

"எந்தச் சோதனையில?"

"சும்மா, பொதுவா."

"பொதுவா ஒரு சோதனை நம்ம லேப்ல கிடையாதே."

இசக்கி நோட்டை நீட்டினாள். மூன்று கட்டம். அப்பா ஓ, அம்மா ஓ, நான் பி. அவள் விரல்களில் மூன்று ஊசி குத்திய தடம் இருந்ததையும் மேடம் பார்த்தார். "அய்யோ பாவம்" என்றோ, "பயப்படாதே" என்றோ சொல்லவில்லை. விரலைக் கடைசிக் கட்டத்தில் வைத்தார்.

"இதை யார் பார்த்தது?"

"நான். மூணு தடவை."

விரல் அம்மாவின் கட்டத்துக்கு வந்தது.

"இது?"

"ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களாம். சீட்டு இருக்கு."

விரல் அப்பாவின் கட்டத்துக்கு நகர்ந்தது.

"இது?"

"லைசென்ஸ்ல போட்டிருக்கு மேடம்."

"போட்டிருக்கு. யார் பார்த்தது?"

மேடம் நோட்டை மூடி அவளிடமே கொடுத்தார்.

"வீட்டுல கேட்டுட்டு வா. என்ன வகைன்னு கேக்காதே. யார் பார்த்ததுன்னு கேளு."

அன்று சாயங்காலம் கொம்பையா வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று நாளாகப் பேசாத மகள் பக்கத்தில் வந்து நின்றதும் அவருக்குக் கை ஓடவில்லை. குழாயை மூடினார்.

"அப்பா, ஒங்க லைசென்ஸ்ல ரத்தம் ஓன்னு இருக்கே. அது யார் பார்த்தது?"

"பார்க்கதா? அத யாரு பார்த்தா!"

"பின்ன எப்படிப் போட்டாங்க?"

கொம்பையா சிரித்துவிட்டார். "டிரைவிங் ஸ்கூல்ல பதினோரு பேரு வரிசையில நின்னோம். பாரத்தை நிரப்புதவன், ஒனக்கு என்ன குரூப்புன்னு கேட்டான். எனக்கு முன்னால நின்னவன் ஓ பாசிட்டிவ்னு சொன்னான். எனக்கும் அதையே போடுங்கன்னுட்டேன். எனக்குப் பின்னால நின்னவனும் அதையேதான் சொன்னான்."

டீக்கடையில் ஆர்டர் கொடுப்பதுபோலக் கொடுத்திருக்கிறார் மனுஷன். இசக்கிக்குச் சிரிப்பு முட்டியது, கூடவே அழுகையும் முட்டியது. ஆனாலும் பயம் பாதிதான் இறங்கியிருந்தது. ஓ என்று யாரும் பார்க்கவில்லை. ஓ இல்லை என்றும் யாரும் பார்க்கவில்லையே.

"எதுக்குட்டி கேக்க?"

"ரெக்கார்டுக்குப்பா."

"அதுக்கா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுத் திரிஞ்ச? ரத்தம் வேணும்னா எடுத்துக்கிட வேண்டியதுதான. திங்கக்கிழம சந்தையில இறக்கிட்டு நானே வாரேன்."

சொன்னபடி திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு வந்துவிட்டார். லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிறவர் மாதிரி வந்தார்.

"வணக்கம் டீச்சர். பிள்ளைக்கு ரெக்கார்டுக்கு ரத்தம் வேணுமாம்."

"உக்காருங்க அண்ணாச்சி. ஒரு நிமிஷம்."

மேடம் இசக்கியை ஜன்னல் பக்கம் கூட்டிப் போனார்.

"பார்த்துட்டா, பார்க்காத மாதிரி இருக்க முடியாது. பார்க்கணுமா?"

"பார்க்கலேன்னா மேடம்?"

"அந்தக் கட்டத்துல கேள்விக்குறி போடு. அதுக்கும் கையெழுத்து போடுவேன். மார்க் குறையாது."

இசக்கி திரும்பிப் பார்த்தாள். கொம்பையா சட்டைக் கையை முழங்கை வரை மடக்கிவிட்டு, ஒரு படி ரத்தம் எடுக்கப்போவதுபோல முழுக்கையையும் மேசைமேல் நீட்டி வைத்திருந்தார். ரெக்கார்டுக்கு அப்பாவின் ரத்தம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளுக்கு வேண்டும், அவ்வளவுதான். கேள்விக்குறி போட்டுவிட்டால், நாளைக்கு அந்த முன் சீட்டில் ஏறும்போதெல்லாம் அதுவும் கூடவே ஏறிக்கொள்ளும் என்று இசக்கிக்குத் தோன்றியது.

"பார்க்கேன் மேடம்."

விரலை ஸ்பிரிட்டால் துடைத்தாள். புது ஊசியை உறையிலிருந்து எடுத்துக் குத்தினாள். மூன்று சொட்டு. நீலம் விட்டாள், மஞ்சள் விட்டாள், நிறமில்லாததை விட்டாள். குச்சியால் கலக்கினாள். ஸ்லைடை மெல்ல ஆட்டினாள்.

நீலம் அப்படியே கிடந்தது.

மஞ்சளும் அப்படியே கிடந்தது.

இரண்டும் திரியாவிட்டால் ஓ. 

பிறகு மஞ்சளின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது. ஆட்டினாள். பொடி மணலானது. மணல் திட்டுத் திட்டாகச் சேர்ந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாமல், மடமடவென்று திரிந்தது.

பி.

இசக்கி ஸ்லைடை வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கொம்பையா பதறிப்போனார்.

"ஏ தாயி, எனக்கு வலிக்கல! சத்தியமா வலிக்கலட்டி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. டீச்சர், சொல்லுங்க டீச்சர்."

"வலிச்சிருக்காது" என்றார் மேடம்.

"என்ன குரூப்பு?"

"பி, அண்ணாச்சி. ஒங்க மகளோடதுதான்."

"அட! இருவது வருசமா ஓன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்." அவருக்கு அதில் ஏதோ பதவி உயர்வு கிடைத்த சந்தோஷம். "அப்ப அந்த வரிசையில என் பின்னால நின்னவனுக்கு என்னவோ?"

போகும்போது ஒரு பை நிறைய எலுமிச்சையை மேசைமேல் வைத்தார். மகளைப் பார்த்து, "நாலு மணிக்குப் பஸ்ஸா, லாரியா?" என்று கேட்டார்.

"லாரிதான்பா. வாசல்ல நிப்பேன்."

அவர் போன பிறகு இசக்கி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். உடம்பே லேசாகிவிட்டது. ரெக்கார்டில் அப்பாவின் கட்டத்தில் இருந்த ஓவை அடித்துவிட்டு, பி என்று எழுதினாள். மேடம் எங்கும் விரல் வைக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நோட்டை வாங்கிக்கொண்டவள் போகவில்லை. பயம் போனதும் கேள்வி வந்துவிட்டது.

"மேடம், ஒருவேளை ஒத்துப்போகாம இருந்திருந்தா?"

மேடம் ஸ்லைடைக் கழுவப் போட்டார். கையைத் துடைத்தார்.

"எனக்கு ஒத்துப்போகலை" என்றார். "இதே லேப். அந்த ஜன்னல் ஓரத்து மேசை. ரெண்டாம் வருஷம். மூணு கட்டத்தையும் நானே பார்த்தேன்."

இசக்கி அந்த மேசையைத் திரும்பிப் பார்த்தாள். 

ஒரு மணி. மேசைமேல் போன் அடித்தது. மேடம் உடனே எடுத்தார். எதிர்முனையின் கிழட்டுக் குரல் இசக்கிக்கும் கேட்டது.

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்பா."