வைத்தியர் தொட்ட கை

முன்னொரு காலத்தில், தன் நிழலையே இரண்டு முறை திரும்பிப் பார்க்கும் அரசன் ஒருவன் இருந்தான். அண்டை நாட்டில் கொள்ளைக் காய்ச்சல் என்று செய்தி வந்ததும், அரண்மனையில் யாரைக் கண்டாலும் அவனுக்குச் சந்தேகம். இருமியவனை முறைத்தான்; இருமாதவனை, அடக்கிக்கொள்கிறானோ என்று முறைத்தான்.

அரண்மனை வைத்தியர் மங்கலநம்பி முன்வந்தார். "மேனிச் சூட்டைத் தொட்டே உள்ளிருக்கும் நோயைச் சொல்லிவிடுவேன், மன்னா."

"அரண்மனையில் உள்ளோரைத் தினமும் தொட்டுப் பாரும். சுட்டால், சுடுகிறது என்று சத்தியம் செய்யும். சுடுகிற உடம்பு எவருடையதானாலும் பொழுது சாயுமுன் கோட்டையை விட்டுப் போகட்டும்!"

முதல் நாள் தளபதி போனார். மறுநாள் தலைமைச் சமையற்காரர். இருவரும் திடகாத்திரமானவர்கள், இருவரும் வைத்தியரோடு சண்டையிட்டவர்கள். வைத்தியரின் வழுக்கையைப் பாடியிருந்த விகடகவி ஐயாறனுக்கு, அடுத்து யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆகாதவரைத் தொடுமுன் மட்டும் வைத்தியர் வெட்டிவேர் போட்ட பானையின் குளிர்ந்த நீரில் நெடுநேரம் கை கழுவுவதை அவன் பார்த்திருந்தான்.

அன்று மாலையே அரசனிடம் போனான். "மன்னா, நாளை எனக்குப் பதிலாக ஒருவர் திரைக்குப் பின்னிருந்து கை நீட்ட வேண்டும். தாங்கள் முழுதாக நம்பும் ஆளாக இருக்க வேண்டும்."

அரசன் நெடுநேரம் யோசித்தான். "என்னைத் தவிர ஒருவரும் இல்லையே!"

"அதுவே போதும்."

மறுநாள் அரசன் இருக்கை காலியாக இருந்தது. "என் மூச்சு யார்மேலும் படக்கூடாது" என்று சொல்லி ஐயாறன் ஒரு திரைக்குள் போனதைச் சபை பார்த்தது. ஒரு கை வெளியே வந்தது. வைத்தியர் பானைநீரில் ஊறிய விரலால் தொட்டார்.

"ஐயோ, சத்தியமாகக் கொதிக்கிறது! குடல் வரை நோய். இந்த உடம்பை இப்போதே வெளியேற்றுங்கள்!"

திரை விலகியது. நீட்டிய கையோடு அரசன் நின்றான். பின்னால் ஐயாறன், தலையில் மூட்டையோடு.

"தங்கள் துணிமணிகளைக் கட்டிவிட்டேன், மன்னா. ஆணை என்றால் ஆணைதான். புறப்படலாமா?"

அரசன் முகம் வெளுத்தது. "ஐயாறா, எனக்கு மெய்யாகவே நோயா?"

"ஒரு கையை அந்தப் பானையில் வையுங்கள். பிறகு இரண்டு கையாலும் என் நெற்றியைத் தொடுங்கள்."

அரசன் தொட்டான். நனைந்த கைக்கு நெற்றி சுட்டது. நனையாத கைக்குச் சுடவில்லை. மெல்லத் திரும்பி வைத்தியரைப் பார்த்தான். அவர் பானையைக் காலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அன்று பொழுது சாயுமுன் கோட்டையை விட்டுப் போனவர் மங்கலநம்பி. தளபதியையும் சமையற்காரரையும் அழைத்துவர ஆள் போயிற்று. தன் மூட்டையைப் பார்த்துப் பார்த்து அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். கழுத்திலிருந்த பொற்சங்கிலியைக் கழற்றி ஐயாறனிடம் கொடுத்தான்.

ஐயாறன் அதைக் கடித்துப் பார்த்தான்.

"என்ன, என்மேலேயே சந்தேகமா?"

"தங்களோடு பழகிய பழக்கம், மன்னா!"