சட்டத்துக்குள் நடந்த நண்டு

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் பேசிக்கொண்டிருந்தன. நண்டுகளும் எல்லாரையும் போல நேராகத்தான் நடந்தன.

ஓர் ஏரிக்கு வெள்ளையப்பன் என்ற கொக்கு தலைவராக இருந்தது. கரையில் கிடந்த ஓர் உருண்டைக் கல்தான் அதன் சாமி. தினமும் அதற்கு அல்லிப்பூ வைத்துக் கண்மூடி நிற்கும். அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

ஒரு கோடையில் கொக்கு கனவு கண்டது. விடிந்ததும் எல்லாரையும் கூட்டியது.

“சாமி கனவில் வந்தார். இனி இந்தக் கரையில் யாரும் அவருக்கு முதுகைக் காட்டி நடக்கக் கூடாது. அவருக்கு நேராக முகத்தைக் காட்டியும் நடந்து வரக் கூடாது. மீறினால் ஏரியை விட்டுப் போக வேண்டியதுதான்.”

சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீர் இல்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். மங்காயி என்ற நண்டு மட்டும் முன்னால் வந்தது. அதன் வளை அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“தண்ணிக்குப் போனா முதுகு தெரியும். திரும்பி வந்தா முகம் தெரியும். நான் எப்படிங்க வீட்டுக்குப் போறது?”

“பக்தி இருந்தால் வழி கிடைக்கும். எனக்கு ஒரு சிரமமும் இல்லையே.”

“நீங்க பறக்கிறீங்க.”

கொக்குக்கு அது காதில் விழவில்லை.

மங்காயி பகல் முழுக்க வளையிலேயே கிடந்தது. குஞ்சுகள் பசியில் அழுதன. பொழுது சாயும் நேரம் அது வெளியே வந்தது. கல்லுக்குத் தன் விலாவைக் காட்டிக்கொண்டு, பக்கவாட்டிலேயே தட்டுத்தடுமாறித் தண்ணீருக்குப் போனது. கொக்கு பறந்துவந்து குனிந்து பார்த்தது. கல்லின் பக்கம் முகமும் இல்லை, முதுகும் இல்லை. விலாவைப் பற்றிச் சாமி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

சட்டத்துக்குப் பயந்து கரையேறாமல் ஏரிக்குள்ளேயே ஊறிக் கிடந்தது காத்தான் என்ற எருமை. நண்டைப் பார்த்ததும் அதற்குத் தைரியம் வந்துவிட்டது. அதுவும் பக்கவாட்டில் கரையேறியது. நான்கு கால்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. வழுக்கிப் போய்ச் சாமியின் மேலேயே உட்கார்ந்தது. கல் உருண்டு ஏரியில் விழுந்தது.

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். இடி விழவில்லை. ஒரு தவளைக்கு மட்டும் விக்கல் எடுத்தது.

“என் சாமி போச்சே” என்றது கொக்கு. அதன் கண் கலங்கியதைப் பார்த்து யாருக்கும் சிரிக்க மனம் வரவில்லை. காத்தான் முட்டி முட்டிக் கல்லைக் கரை சேர்த்தது. மங்காயி அதில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துவிட்டது.

“தலைவரே, அவர் உங்க சாமி. நல்லாக் கும்பிடுங்க, நாங்க குறுக்கே வரல. அவர் சொன்ன மாதிரி நீங்க நடங்க. எங்க நடையை எங்ககிட்ட விட்டுடுங்க” என்றது மங்காயி.

கொக்கு கல்லின் மேல் ஓர் அல்லிப்பூவை வைத்தது. “கனவு எனக்குத்தானே வந்தது” என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டது.

மறுநாள் எல்லாரும் நேராக நடந்தார்கள், மங்காயியைத் தவிர.

“இன்னும் ஏம்மா இப்படி?” என்று கேட்டது காத்தான்.

“தலைவர் தினமும் தூங்குறாரே அண்ணே. அடுத்த கனவு என்னன்னு யாருக்குத் தெரியும்? பழக்கம் விட்டுப்போயிடக் கூடாது.”

தன் குஞ்சுகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான், இன்றுவரை எந்தக் கரையில் பார்த்தாலும் நண்டு பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருக்கிறது.