தெயோபிலோ எந்த வரிசை?

"இந்த மனுசனை எந்த வரிசையில எழுத?" என்று கேட்டார் சங்கரநாராயணன்.

பியூலா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சங்கரநாராயணன் பாளையங்கோட்டையில் முப்பது வருடம் மாட்டு டாக்டராக இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல், பொலிவியாவின் மலையூர் ஒன்றிலிருந்த ஆய்வுக்கூடத்துக்கு, மண்சுவர்ப் பூச்சியால் பரவி இதயத்தைக் கெடுக்கும் சாகஸ் நோயின் கிருமியைப் பற்றிப் படிக்க வந்தார். ஊரில் இருக்கும் மகளோடு ஞாயிறுதோறும் போனில் பேசுவார். அந்த ஆய்வுக்கூடத்தை நடத்தும் பியூலா அவரைவிட இருபது வயது இளையவள், நாசரேத்துக்காரி. அந்த ஊரிலேயே தமிழ் தெரிந்தவர்கள் இந்த இருவர்தான். அவளோ, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம்.

சாகஸ் கிருமி பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மரபணுவைப் பார்த்தால் ஆறு வகை. வௌவாலிடம் இருப்பதையும் சேர்த்தால் ஏழு. ஆய்வுக்கூடத்துச் சுவரில் வகைக்கு ஒரு வரிசையாக, நோயாளிகளின் பெயரெழுதும் அட்டவணை தொங்கியது.

தெயோபிலோ அந்த ஊரில் மண்வீட்டில் தனியாக இருந்த நோயாளி. சோதனைக்கு ரத்தம் கொடுக்க வரும்போதெல்லாம், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார். போன மாதம் இதயம் வீங்கிச் செத்துப்போனார். எடுத்துப் போட ஆளில்லை. ஆய்வுக்குச் சம்மதித்து அவர் முன்பே கையெழுத்துப் போட்டிருந்ததால், இதயத்தின் ஒரு துணுக்கு இங்கே வந்து சேர்ந்தது.

அவர் ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்த குழாயில் இருந்தது முதல் வகை. இதயத்தில் இருந்தது ஐந்தாம் வகை.

துணுக்கில் வேறு ஏதோ கலந்துவிட்டது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவரை முதல் வரிசையில் எழுதிவிடலாம் என்றார் சங்கரநாராயணன்.

"குழாயில எத்தனை நாள் வளத்தீங்க?"

எட்டு மாதம் என்றார். பெருமையாகவே சொன்னார். பத்து நாளுக்கு ஒரு தடவை ஒரு சொட்டு எடுத்துப் புதுக் குழாயில் விடுவார். ஒரு குழாயைக்கூடச் சாகவிட்டதில்லை. குழாய்களோடு தமிழில் பேசுவதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"எட்டு மாசமா அதுக்குள்ள வாழ்ந்தது எது?"

"கிருமிதான்."

"எந்தக் கிருமி?"

கொஞ்சம் யோசித்தார். "குழாயில வாழத் தெரிஞ்சது."

"வாழத் தெரியாதது?"

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. ரத்தத்தில் இரண்டு வகையும் இருந்திருக்கலாம். மெதுவாக வளரும் ஐந்தாம் வகை, குழாய் மாற மாற, இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். முதல் நாளே ரத்தத்தைச் சோதித்திருக்க வேண்டும். மாட்டு டாக்டருக்கு உயிர் பிழைத்ததுதான் கணக்கு.

ஆனாலும் விடவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு வரிசைதானே, இரண்டில் எழுதினால் அட்டவணை என்னத்துக்கு என்றார்.

பியூலா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மககிட்ட பேசுனீங்களா?"

"பேசுனேன்."

"என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

அவள் எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தாள். இதயத் துணுக்கு இருந்த குப்பியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். திரும்பிப் போய் நுண்ணோக்கியில் குனிந்துகொண்டாள்.

குப்பி சில்லென்று இருந்தது. சங்கரநாராயணன் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தெயோபிலோவை நினைத்தா, தன்னை நினைத்தா என்று அவருக்கே தெரியவில்லை.

குப்பியைப் பழைய இடத்தில் பத்திரமாக வைத்தார். அட்டவணைக்குப் போய் முதல் வரிசையில் தெயோபிலோவின் பெயரை எழுதினார். ஐந்தாம் வரிசையிலும் எழுதினார்.

பிறகு ஜன்னலோரம் போய் மகளுக்குப் போன் போட்டார்.

இன்னைக்குப் புதன்கிழமைதானே, என்னப்பா ஆச்சு என்று பதறினாள் அவள். எப்படி இருக்கீங்க என்றாள்.

"தனியா இருக்கேம்மா," என்றார்.