ராணி சொன்ன குண்டுத் தவளை

சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை இப்போதே உதிரட்டும்.

வெகு காலத்துக்கு முன்னே கரம்பைநாட்டைப் பெரியாண்டவர் என்றொரு ராஜா ஆண்டார். ஒருநாள் ராணி உலகம்மாள் கோபித்துக்கொண்டு பிறந்தகம் கிளம்பினாள். பல்லக்கில் ஏறும்போது, "அந்தக் குண்டுத் தவளை வாயைத் திறந்து கூப்பிடட்டும், அப்போது வருகிறேன்" என்று சொல்லிப் போனாள்.

அன்றிலிருந்து ராஜாவுக்கு ஏக்கம். அவர் விட்ட பெருமூச்சில் அரண்மனையில் ஒரு விளக்கும் நின்று எரியவில்லை. அவள் படுத்த இடத்தைத் தடவித் தடவியே பட்டு விரிப்பு நைந்துபோயிற்று.

தளவாய் திருமேனிக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். தன் தங்கை மகளை ராணியாக்க அவருக்கு வெகுநாள் ஆசை. நாடெங்கும் மண்ணைத் தோண்டிக் குண்டுத் தவளைகளைக் குடங்குடமாய்ச் சபையில் கொண்டுவந்து கொட்டினார். ஒன்றும் வாய் திறக்கவில்லை.

"பார்த்தீர்களா மகாராஜா? ராணி இனி எங்கே வரப்போகிறார்? என் மருமகள் இருக்கிறாளே..."

ராஜா கலங்கிய கண்ணோடு மந்திரி மாசிலாமணியைப் பார்த்தார். "நீர் என்ன ஐயா சொல்கிறீர்?"

"முதலில் அந்தத் தவளையின் லட்சணத்தைத் தளவாய் சொல்லட்டும், பிரபு."

திருமேனி மார்பை நிமிர்த்தினார். "எனக்கா தெரியாது? பந்து மாதிரி உடம்பு, சுண்டைக்காய்த் தலை, குட்டைக் கால். கிட்டே போனால் இன்னும் உப்பும். பின்னங்காலில் கரண்டி மாதிரிக் காய்ப்பு. அதால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே உள்ளே போய் ஒளியும். இருட்டினால் வெளியே வந்து கறையான்களைத் தின்று தீர்க்கும். துணைக்கு ஏங்கினாலும் மழை பெய்தால்தான் வாயைத் திறக்கும்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சபையின் கண்ணெல்லாம் ராஜாவின் தொந்தியில் இறங்கிக் குட்டைக் காலில் நின்றது. ராணி சண்டைக்கு வந்தால், பதில் பேசாமல் பின்பக்கமாகவே நடந்து அறைக்குள் புகுந்து தாழ்போடுகிறவர் அவர் என்பது அரண்மனைப் பூனைக்கும் தெரியும்.

தளவாய்க்கு வியர்த்துக் கொட்டியது. "நான் தவளையைத்தான்..."

"அச்சாக வர்ணித்தீர்!" என்றார் மந்திரி. "பிரபு, மழை வரட்டும் என்று இன்னும் உட்கார்ந்திருப்பதா?"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. தம் முத்துமாலையை மந்திரி கழுத்தில் போட்டார். "தளவாய், இந்தத் தவளைகளை அதனதன் மண்ணில் நீரே விட்டுவாரும்!" என்றவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

மாமனார் வாசலில் போய் நின்றால் பேச்சு வரவில்லை. தொண்டை மட்டும் உப்பியது. கடைசியில், "உலகு..." என்று கரகரத்தார். சுற்றுவட்டத்துக் குளங்களெல்லாம் பதிலுக்குக் கத்தினவாம்!

கதவு திறந்தது.

"இந்தச் சத்தம் எப்போது வரும் என்று, காற்றில் ஓலை அசைந்தால்கூட எழுந்து உட்கார்ந்தேனே, பாவி மனுஷா!" என்று ராணி அவர் மார்பில் சாய்ந்து அழுதாள்.

கேட்டீர்களல்லவா? ராஜாவைத் தவளை என்று யார் சொன்னது என்று எவராவது விசாரித்தால், என்னைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.