கரடி வீட்டுக் கொல்லையில் ஒரு நாய்த்தடம்

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் மேட்டில், வேலை செய்யப் பிடிக்காத கரடி ஒன்று குடியிருந்தது. சோம்பேறி என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள், பிள்ளைகளே. தேன் எடுக்க மலை உச்சி வரை ஏறும். பழம் பொறுக்கப் பள்ளத்தாக்கு வரை இறங்கும். அதற்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: ஒரு முறை செய்து முடித்த வேலையைத் திரும்பச் செய்வது. யாருக்குத்தான் பிடிக்கும்?

கரடியோடு இரண்டு நாய்களும் இருந்தன. காட்டோரத்து ஊரிலிருந்து ஒரு கோடையில் தேன் வாசனை பிடித்துக்கொண்டு வந்தவை. திரும்பிப் போக மறந்துவிட்டன.

ஆண் நாயின் பெயர் துடுக்கன். வேலிக்கு வெளியே ஓர் ஓணான் நடந்தாலும் வேலி நெடுக ஓடிக் குரைத்தால்தான் அதற்குச் சாப்பாடு இறங்கும். பெண் நாயின் பெயர் சாம்பி. வெயில் ஏறிவிட்டால் நாவல் மரத்தடியில் குழி பறித்து, ஈர மண்ணில் வயிற்றை ஒட்டவைத்துப் படுத்துக்கொள்ளும். கரடி தேனுக்குப் போன நேரமெல்லாம் குகையைக் காத்தவை இவைதான். குளிர்காலத்தில் கரடியின் முதுகுக்குச் சூடு கொடுத்தவையும் இவைதான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் மழைக்கு முன்னால் யானைத் தலைவி வீடு வீடாகப் போய்க் கொல்லையைப் பார்க்கும். முன்வாசலை ஏறிட்டும் பார்க்காது. ஏனென்றால் எல்லார் கொல்லையும் ஓடைப் பக்கமாகச் சரிந்திருந்தது. கொல்லையில் மண் பொலபொலவென்று கிடந்தால் மழை அதைக் கரைத்து ஓடையில் சேர்த்துவிடும். பிறகு காடு முழுக்கச் சேற்றுத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். அதனால் சட்டம் கறாராக இருந்தது: மண்ணைக் கலைக்கிறவர் ஓடை போய்ச் சேரும் ஆற்றுக்கு அக்கரை போக வேண்டும்.

அக்கரையில் சிறுத்தைகள் இருந்தன. சிறுத்தைக்கு நாய் என்றால் எவ்வளவு பிரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டு கரடியின் கொல்லை வெறும் புழுதியாகக் கிடந்தது. கரடிக்குப் பயம் வந்துவிட்டது. நேராக மயிலிடம் போனது.

காட்டிலேயே தோட்டம் போடத் தெரிந்தது தனக்கு மட்டும்தான் என்று மயில் சொல்லிக்கொண்டிருந்தது. அடிக்கடி சொன்னதால் மற்றவர்களும் அப்படியே சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

"மயிலாரே, எனக்கு ஒரு தோட்டம் வேண்டும். மண் அசையக் கூடாது. எனக்கு வேலையும் வைக்கக் கூடாது," என்றது கரடி.

மயில் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொல்லையைப் பார்த்தது. "என்னிடம் வந்துவிட்டீர்கள் அல்லவா, கரடியம்மா? கவலையை விடுங்கள். வேலி ஓரமாகக் காசித்தும்பை. நாவல் மரத்தடியில் வட்டமாகத் துளசி. நடுவில் மெத்தென்று பசும்புல். பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள்."

"நாய்கள்?"

"நாய்களா? அவை என் திட்டத்தில் இல்லையே."

கரடிக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் தெரிந்தவர் சொல்கிறார் என்று வாயை மூடிக்கொண்டது. அங்கேதான் பிசகு.

கரடி நட்டது. சுரைக்குடுவையில் ஓடைத் தண்ணீர் சுமந்து ஊற்றியது. காசித்தும்பை பூத்தது. அன்று காலையே வேலிக்கு வெளியே ஓர் உடும்பு போயிற்று. துடுக்கன் பூவரிசை நெடுக ஓடிப்போய் அதை வழியனுப்பிவிட்டு வந்தது. வெயில் ஏறியதும் சாம்பி துளசி வட்டத்தின் நடுவில் இறங்கிவிட்டது.

மயில் வந்து பார்த்தது. "தோட்டம் சரியாகத்தான் இருக்கிறது. நாய்கள்தான் தப்பாக இருக்கின்றன. ஓடக் கூடாது, தோண்டக் கூடாது என்று சொல்லிவையுங்கள்."

கரடி சொல்லிப் பார்த்தது. "டேய் துடுக்கா, வேலி ஓரம் ஓடக் கூடாது."

"சரி அக்கா," என்றது துடுக்கன். சொல்லி வாய் மூடுவதற்குள் ஓர் அணில் போயிற்று. திரும்பி வந்த துடுக்கன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நான் ஓடவில்லை அக்கா. கால் தானாகப் போய்விட்டது," என்றது.

"நீ ஏன்டி தோண்டினாய்?"

"தோண்டவில்லை அக்கா," என்றது சாம்பி, மூக்கெல்லாம் மண்ணோடு. "மேலே சுட்டது. கீழே எப்படியிருக்கிறது என்று பார்த்தேன்."

மயில் விடவில்லை. பூவரிசைக்கு முன்னால் முள் வேலி ஒன்று போடச் சொன்னது. கரடி முள் சுமந்து வந்து போட்டது. துடுக்கன் அதைத் தாண்டிக் குதிக்கக் கற்றுக்கொண்டது. முன்பு பூச்செடிகளை மிதித்துக்கொண்டு ஓடிய நாய், இப்போது உயரத்திலிருந்து அவற்றின் மேல் விழுந்தது. சாம்பியின் குழியை மண் போட்டு மூடச் சொன்னது மயில். கரடி மூடியது. இளகிய மண் தோண்ட எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று சாம்பி மனமாரச் சொன்னது.

வேலை வைக்காத தோட்டம் கேட்ட கரடி, காலையில் நடுவதும் மாலையில் மூடுவதுமாக இளைத்துப்போயிற்று.

"ஒரே வழிதான் இருக்கிறது," என்றது மயில். "கொல்லை முழுக்க அரளி வைத்துவிடுங்கள். தண்ணீர் வேண்டாம், காவல் வேண்டாம். யாரும் வாய் வைக்க மாட்டார்கள்."

"அரளி விஷம் அல்லவா? இதுகள் கடித்துவிட்டால்?"

"கடிக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள்."

"தேன்மெழுகைத் தின்னாதே என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. நேற்றும் துடுக்கன் தின்றிருக்கிறது. அது வயிற்று வலியோடு போயிற்று. அரளிக்கு உயிரே போய்விடும்."

"பிறகு தோட்டம் எப்படி வரும்? தோட்டம் வேண்டுமா, நாய் வேண்டுமா, முடிவு செய்யுங்கள்."

கரடிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இந்தக் கொல்லையில் தினமும் இருக்கப்போகிறவை அவை. நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். பார்க்கிறவருக்காக இருக்கிறவரைக் கொல்லச் சொல்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம், மயிலாரே?"

மயில் தோகையை ஒரு உதறு உதறிக்கொண்டு போயிற்று. போன கையோடு யானைத் தலைவியிடம், "கரடி வீட்டு நாய்கள் மண்ணைக் கலைக்கின்றன," என்று சொல்லியும் வைத்தது.

கரடி களைத்துப்போய்க் குகை வாசலில் சாய்ந்து உட்கார்ந்தது. அதட்டக்கூடத் தெம்பில்லை. சும்மா நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று முழுக்கப் பார்த்தது. மறுநாளும் பார்த்தது. கோபமாகப் பார்த்தபோதெல்லாம் கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது.

துடுக்கன் கொல்லை முழுக்க ஓடவில்லை. வேலியை ஒட்டி, பட்டுப்போன மரக்கட்டையைச் சுற்றி, திரும்பவும் வேலி. எப்போது ஓடினாலும் அதே கோடுதான். அங்கே மண் கல்லாக இறுகியிருந்தது. காலைத் தூக்குவதும் அந்த ஒரே மரக்கட்டையில்தான். சாம்பியும் கண்ட இடத்தில் தோண்டவில்லை. நாவல் நிழலில் அந்த ஒரே குழி. மற்ற இடத்தில் எந்த நாயும் கால்கூட வைக்கவில்லை. மயில் எங்கே செடி வைக்கச் சொன்னதோ அங்கேதான் நாய்களின் வழி இருந்தது. நாய்கள் செடியில் நடக்கவில்லை. நாய்கள் நடக்கிற வழியில் செடியை நட்டிருந்தார்கள்.

"அடேயப்பா," என்று கரடி தன் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டது. நகம் பட்டுக் கொஞ்சம் வலித்தது.

பிறகு அது நாய்களைத் திருத்துகிற வேலையை விட்டுவிட்டது. துடுக்கன் ஓடிய கோட்டில் ஓடைக் கூழாங்கற்களைப் பதித்தது. சாம்பியின் குழியில் ஆற்று மணலைக் கொட்டியது. மரக்கட்டையை அப்படியே விட்டது. மீதி இடமெல்லாம் ஓடைக்கரையிலிருந்து பொடுதலைக் கொடியைப் பிடுங்கி வந்து ஊன்றியது. பொடுதலைக்குத் தற்பெருமை கிடையாது. தரையோடு தரையாகப் படரும். மிதித்தால் கோபித்துக்கொள்ளாமல் அங்கேயே இன்னொரு வேர் விடும். சரிவின் ஓரத்தில் மட்டும் வெட்டிவேர்ப் புதர்களை வரிசையாக வைத்தது.

பிறகு கரடி படுத்துத் தூங்கியது. வெகு நாளைக்குப் பிறகு மத்தியானத் தூக்கம்.

வானம் கறுத்த ஒரு காலையில் யானைத் தலைவி வந்தது. பின்னால் காடே வந்தது. முன்னால் மயில் நடந்தது.

"பாருங்கள் தலைவி," என்றது மயில். "பாதை நேராகப் போகிறதா? கோணல்மாணலாக இருக்கிறது. நாவல் மரத்தடியில் குழி. குழியில் நாய். நாய் எழுந்து வணக்கம்கூடச் சொல்லவில்லை. இது தோட்டமா? நாய்களின் சேட்டைக்கெல்லாம் கல் பாவி வைத்திருக்கிறார்கள்."

துடுக்கன் கரடியின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"தலைவி, ஒன்று கேட்கலாமா?" என்றது கரடி.

"கேள்."

"தண்ணீர் குடிக்க நீங்கள் எந்த வழியாகப் போகிறீர்கள்?"

"யானைத்தடத்தில்தான். என் கூட்டம் என்றைக்கும் போகிற வழி."

"அது நேராக இருக்கிறதா?"

யானை யோசித்தது. "இல்லை. பாறையைச் சுற்றி, மூங்கிலைச் சுற்றிப் போகும்."

"அந்தத் தடத்தில் ஒருவர் காசித்தும்பை நட்டுவைத்தால்?"

"மிதிபடும்."

"தப்பு யார் மேல்?"

"இதில் என்ன சந்தேகம்? தடத்தில் கொண்டுபோய் நட்டவர் மேல்."

"அப்படியானால் இதைச் சொல்லுங்கள், தலைவி. பெரிய கால் தினமும் போனால் அதற்குப் பெயர் தடம். சின்னக் கால் தினமும் போனால் அதற்குப் பெயர் சேட்டையா?"

கூட்டத்தில் குரங்கு ஒன்று களுக்கென்று சிரித்தது. யானை திரும்பிப் பார்த்ததும் இருமுவதுபோல் சமாளித்தது.

"வாதம் நன்றாக இருக்கிறது," என்றது யானை. "ஆனால் மழை வாதத்தைக் கேட்காது. தண்ணீர் என்ன சொல்கிறது, பார்ப்போம்."

யானை ஓடைக்குப் போய்த் தும்பிக்கை நிறையத் தண்ணீர் எடுத்து வந்து கொல்லையின் மேட்டில் நின்றது. கரடி கண்ணை மூடிக்கொண்டது. யானை தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது.

பொடுதலையின் மேல் விழுந்த தண்ணீர் இலைக்கடியில் நழுவிப் போனது. கல் பாதையில் விழுந்தது கற்களுக்கிடையில் கசிந்து இறங்கியது. மிச்சமெல்லாம் சரிவில் சேர்ந்து நேராகச் சாம்பியின் குழிக்குள் பாய்ந்தது. மணல் அதை மடக் மடக்கென்று குடித்தது. ஓடைக்கு ஒரு சொட்டுச் சேறு போகவில்லை.

தூக்கத்தில் நனைந்த சாம்பி துள்ளி எழுந்தது. யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் மூக்கிலிருந்து வால் வரை ஒரு உலுக்கு உலுக்கியது. பக்கத்தில் நின்றது மயில். தோகையில் ஒரு கண்ணைக்கூட மணல் விட்டுவைக்கவில்லை.

"ஆக, தண்ணீரைத் தடுத்தது இந்தக் குழிதான்," என்றது யானை. "சரி, அடுத்த கொல்லை யாருடையது?"

அடுத்த கொல்லை மயிலுடையது.

அங்கே ஓரமெல்லாம் பூவாகத்தான் இருந்தது. ஆனால் நட்ட நடுவில் ஒரு பெரிய வட்டம், புல் முளைக்காமல், புழுதியாகக் கிடந்தது. யானை தண்ணீரை அடித்ததும் வட்டம் முழுக்கச் சிவப்புக் குழம்பாகிப் பூச்செடிகளையும் இழுத்துக்கொண்டு ஓடையில் போய் விழுந்தது.

"இந்த மண்ணைக் கலைத்தது யார்?" என்றது யானை.

மயில் தன் கால்களைப் பார்த்துக்கொண்டது. "நான்... மேகம் கூடினால் ஆடுவேன், தலைவி. ஆடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். கால் தானாகப் போய்விடுகிறது."

"அக்கா, அது நான் சொன்னது," என்று துடுக்கன் கிசுகிசுத்தது.

"அக்கரைச் சிறுத்தைகளுக்கு ஆட்டம் பிடிக்குமோ என்னவோ," என்றது குரங்கு, இந்த முறை இருமாமல்.

யானை தும்பிக்கையைத் தூக்கியது. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அது அப்படித்தான் தூக்கும். மயிலின் கழுத்து சுருங்கிப்போயிற்று.

"பொறுங்கள் தலைவி," என்றது கரடி. "மயிலை அனுப்ப வேண்டாம். ஆடுகிறவரை ஆடாதே என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. மயிலாரே, ஆடுகிற வட்டத்தில் கூழாங்கல் பரப்புங்கள். சுற்றிலும் பொடுதலை வையுங்கள், கொடி நான் தருகிறேன். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடுங்கள்."

மயில் சின்னக் குரலில், "கல் காலில் குத்துமே, கரடியம்மா," என்றது.

"சிறுத்தைப் பல்லைவிடக் குறைவாகத்தான் குத்தும்."

யானை தும்பிக்கையை இறக்கியது. அன்று யாரும் அக்கரைக்குப் போகவில்லை. துடுக்கனும் சாம்பியும் ஆளுக்கு ஒரு கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டு மயில் கொல்லைக்கு நடந்தன. துடுக்கன் பாதி வழியில் ஓர் ஓணானைப் பார்த்துக் கல்லைப் போட்டுவிட்டு ஓடியது வேறு விஷயம்.

முதல் மழை கொட்டியபோது மயில் கல் வட்டத்தில் முனகிக்கொண்டே ஆடியது. துடுக்கன் தன் தடத்தில் ஓடியது. ஓடை தெளிவாக ஓடியது. கரடிக்கு இது எதுவும் தெரியாது. அது தூங்கிக்கொண்டிருந்தது.

நீதி: உடன் இருப்பவரின் வழக்கத்தைத் திருத்தக் கிளம்புமுன் அதற்கு ஓர் இடம் விட்டுப் பாருங்கள், பாதி வேலை அங்கேயே குறைந்துவிடும்.